கோபத்தை எந்த அட்ரஸுக்கு அனுப்புறீங்க?

போன இதழ்ல ஒரு வாசகி கேட்டிருந்தாங்க, ஃபுட்கோர்ட்ல காசு வாங்குற பொண்ணு தன்னைப் பாத்து சிரிக்கவே இல்ல, அது மரியாதைக் குறைவு இல்லையான்னு. நான் ஒரு வரியில, "காலைலேர்ந்து நின்னுட்டே இருக்கிற பொண்ணுக்கு சிரிப்பு மிச்சம் இருந்திருக்காது"ன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அவ்ளோதான், இந்த ரெண்டு வாரமா ஈமெயிலும் வாட்ஸ்அப்பும் நிக்கல. பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்காங்க, மீதிப் பேர் அந்தப் பொண்ணு மாதிரியே வேலை பாக்குறவங்க. அதனால இந்தத் தடவை மாமியார் பஞ்சாயத்து, பிள்ளைங்க டியூஷன் எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு இது ஒண்ணு மட்டும்தான். முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், இந்தப் பக்கத்துக்கு எழுத வர்றதுக்கு முன்னாடி நான் ஒன்பது வருஷம் இதே சிங்கப்பூர்ல சூப்பர்மார்க்கெட் கேஷியர். அதனால என்கிட்ட நடுநிலை எல்லாம் எதிர்பாக்காதீங்க.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர், 51 வயசு): அக்கா, போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட தேக்கா, அதான் லிட்டில் இந்தியா பக்கம் சாப்பிடப் போனோம். சாப்பாடு ரொம்ப லேட்டு. சர்வர் பையனை "டேய் தம்பி, எவ்ளோ நேரம்டா"ன்னு கூப்பிட்டேன். பாலிடெக்னிக் படிக்கிற எம்பொண்ணு உடனே, "நேத்து ஆர்ச்சர்ட் ஷாப்பிங் தெருவுல காப்பிக்கு இருபது நிமிஷம் நின்னோமே, அங்க எக்ஸ்கியூஸ் மீ, சாரி, தேங்க்யூன்னு பேசினீங்க, இங்க மட்டும் எதுக்கு டேய்"ன்னு கேட்டா. நம்ம பையன், நம்ம மொழி, ஒரு உரிமையில கூப்பிட்டேன்னு சொன்னேன். ஒத்துக்க மாட்டேங்கிறா. உரிமை இருக்கக்கூடாதா?

பதில்: உங்க பொண்ணுக்கு என் சார்புல ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் குடுங்க.

உரிமைன்னு சொல்றீங்களே அண்ணே, சரி, அந்தப் பையன் திரும்பி "இருடா அண்ணே, வருது"ன்னு சொல்லியிருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பீங்களா? மேனேஜரைக் கூப்பிட்டிருப்பீங்க. ஒரு பக்கம் மட்டும் ஓடுற ரோட்டுக்கு உரிமைன்னு பேர் இல்ல.

இதுல ஒரு கூத்து என்னன்னா இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே 'யூ'தான், மனசுல என்ன நெனச்சாலும் வெளிய தெரியாது. தமிழ்ல வாயைத் தொறந்தா முடிஞ்சுது, நீயா நீங்களா, வாவா வாங்களான்னு முதல் வார்த்தையிலேயே எதிராளியை எந்தப் படியில நிறுத்தி வெச்சிருக்கோம்னு பளிச்சுன்னு தெரிஞ்சிடும். அதனாலதான் ஆர்ச்சர்ட்ல நீங்க ஜென்டில்மேன், தேக்காவோட சிராங்கூன் ரோட்டுல வேற ஆளு. நீங்க மட்டும்னு சொல்லல, நானே பாத்திருக்கேன், கை தட்டிக் கூப்பிடுறது, பூனையைக் கூப்பிடுற மாதிரி 'ஸ்ஸ்ஸ்'ங்கிறது, தண்ணி வேணும்னா காலி கிளாஸை மேசையில டொக் டொக்குன்னு தட்டுறது, அதே ஆளு பக்கத்துல இருக்கிற மாலுக்குப் போனா வரிசையில நின்னு பவ்யமா கார்டை நீட்டுவாரு.

அப்புறம் அந்த இன்டர்வியூ. மூணு பிளேட்டைக் கையில அடுக்கிட்டு நிக்கிற பையனை நிறுத்தி வெச்சு எந்த ஊரு, எவ்ளோ சம்பளம், வொர்க் பெர்மிட்டா அதுக்கு மேல்படி எஸ் பாஸா, ஏஜென்ட்டுக்கு எவ்ளோ அழுத... பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சம்பளம் எவ்ளோன்னு கேப்பீங்களா? பதினஞ்சு வருஷமா ஒரே லிஃப்ட்ல போறோம், கேட்டதில்லல்ல. ஊரைக் கேக்கறது தப்புன்னு சொல்லல, அவனுக்கும் ஊர்ப் பேச்சு ஆசையாத்தான் இருக்கும், ஆனா அவன் கை காலியா இருக்கிறப்ப கேளுங்க, சம்பளத்தை விட்டுடுங்க.

லேட்டானதுக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, டார்மிட்டரியில இருக்கிற வெளிநாட்டுத் தொழிலாளர் தம்பிங்க எல்லாருக்கும் லீவு, ஊரே அங்கதான் நிக்கும். அடுப்படியில ஆள் பத்தாது. இந்திய உணவகங்கள் இந்தியாவிலேர்ந்து சமையல்காரரை வொர்க் பெர்மிட்ல எடுக்கலாம்னு விதியை மாத்தினதே 2023 செப்டம்பர்லதான், அதுக்கு முன்னாடி அதிக சம்பளம் குடுத்து எஸ் பாஸ்ல எடுக்கணும், இல்லாட்டி உள்ளூர்ல தேடணும். இதுக்கெல்லாம் பரிமாற வர்ற பையன் என்ன பண்ணுவான்? தோசையை ஊத்துறவன் அவன் இல்ல, ஆள் எடுக்கிறவன் அவன் இல்ல, ஞாயித்துக்கிழமையைக் கண்டுபுடிச்சவனும் அவன் இல்ல. நம்ம கண்ணுக்கு முன்னாடி நிக்கிறது அவன் ஒருத்தன்தான், அதனால எல்லாத் தபாலும் அவன் அட்ரஸுக்கே போகுது.

"தம்பி"யை விட வேணாம், அது நல்ல வார்த்தை. டேயை எடுத்துட்டு ஒரு 'ங்க' சேருங்க போதும். "தம்பி, ஆர்டர் குடுத்து அரை மணி நேரம் ஆச்சு, கொஞ்சம் உள்ள கேட்டுச் சொல்லுங்களேன்." குறையை ஒண்ணும் குறைக்கல பாருங்க, அரை மணி நேரம்கிறது அதுலயும் இருக்கு. நம்ம தாத்தாமாரை ரப்பர் தோட்டத்துலயும் துறைமுகத்துலயும் கங்காணியும் துரையும் எப்படிக் கூப்பிட்டாங்கன்னு வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க, உங்க பொண்ணுக்கு ஏன் சுருக்குன்னு பட்டுச்சுன்னு புரியும்.

கேள்வி (செங்காங் வாசகி): ரெஸ்டாரன்ட்ல பத்து பர்சென்ட் சர்வீஸ் சார்ஜ் வாங்குறாங்கல்ல? அது நல்லா கவனிக்கிறதுக்குத்தானே? காசு குடுத்துட்டு நான் எதுக்கு தேங்க்யூ வேற சொல்லணும்?

பதில்: உங்க கணக்கு ஒரு இடத்துல இடிக்குது. அந்தப் பத்து பர்சென்ட் தட்டை எடுத்துட்டு வந்த பொண்ணுக்குப் போகுதுன்னு நெனச்சுட்டிருக்கீங்க. கட்டாயம் போகணும்னு இங்க சட்டம் எதுவும் இல்ல. அது கடையோட வருமானம், முதலாளி மனசு வெச்சா பிரிச்சுக் குடுப்பாரு, சில கடையில குடுக்கவும் குடுக்கிறாங்க, நெறைய இடத்துல வாடகைக்கும் கரண்ட்டுக்கும் போயிடும். மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு ப்ளஸ் போட்டிருக்கும் பாருங்க, ஒண்ணு சர்வீஸ் சார்ஜ், இன்னொண்ணு ஜிஎஸ்டி. 20 வெள்ளி, அதாவது 20 டாலர் பிரியாணின்னா முதல்ல பத்து பர்சென்ட் ஏறி 22 ஆகும், அந்த 22-க்கு மேல 9 பர்சென்ட் ஜிஎஸ்டி, ஆக 23 வெள்ளி 98 காசு. சர்வீஸ் சார்ஜுக்கும் சேத்து வரி கட்டுறோம், அது வேற எனக்கு வயித்தெரிச்சல். ஆனா அந்த 3 வெள்ளி 98 காசுல ஒரு காசு கூட அந்தப் பொண்ணு முடிவு பண்ணினது இல்ல.

சம்பளத்தைப் பத்தியும் சொல்லிடறேன். படிப்படியா உயர்ற சம்பள முறை துப்புரவு வேலைக்குத்தான் முதல்ல வந்துச்சு, சில்லறைக் கடை வேலைக்கு வந்தது 2022 செப்டம்பர், உணவகங்களுக்கு 2023 மார்ச். அதுவும் சிட்டிசனுக்கும் பிஆர்ங்கிற நிரந்தரவாசிக்கும்தான். உண்மையிலேயே கவனிச்சவங்களுக்கு ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சுன்னா பில்லுல சேக்காம கையில குடுங்க, சில இடத்துல எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு மாசக் கடைசியில பிரிப்பாங்க, கேட்டா சொல்லுவாங்க. குடுக்கலைன்னாலும் யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க, நம்ம ஊர்ல டிப்ஸ் பழக்கம் இல்ல.

தேங்க்யூவுக்கு ஜிஎஸ்டி இல்லம்மா, சொல்லிட்டுப் போங்க.

கேள்வி (பிடோக், ரிட்டயர்டு ஆசிரியர்): ஹாக்கர் சென்டர்ல, அதான் உணவங்காடியில, எல்லாரும் அவங்கவங்க தட்டை எடுத்து வெச்சுட்டா கிளீனர் வேலை பாக்குற வயசானவங்க பொழப்பு என்ன ஆகும்? அவங்க வேலை போகக்கூடாதுன்னுதான் நான் தட்டை விட்டுட்டு வர்றேன். இது இரக்கம்தானே?

பதில்: சார், நீங்க ஆசிரியர், கோவிச்சுக்காதீங்க, இந்தப் பதிலுக்கு நான் மார்க் போட மாட்டேன்.

தட்டு வைக்கிற ரேக்குகிட்ட ஒரு பத்து நிமிஷம் நின்னு பாத்திருக்கீங்களா? நான் நின்னிருக்கேன், பேரனுக்காகக் காத்துட்டு. நாம வெச்சுட்டு வந்த தட்டு தானா கழுவிக்கிறதில்ல. மிச்சத்தைக் கொட்டணும், சாப்ஸ்டிக்கையும் கரண்டியையும் பிரிக்கணும், ஹலால் ரேக்குல யாராவது வேற தட்டை வெச்சுட்டுப் போயிருந்தா பாத்து மாத்தணும், அது தனித் தலைவலி. மேசை மேசையா தொடைக்கணும். அவங்க வேலை எங்கயும் போகல. குறையிறது என்னன்னா சூப்பு ததும்புற கிண்ணத்தை எழுபது வயசு ஆன்ட்டி ஒருத்தங்க தூரத்து மேசையிலேர்ந்து சுமந்துட்டு வர்ற நடை. அப்புறம் மைனா. தட்டை விட்டுட்டு எழுந்தா அடுத்த நொடி மைனாவும் புறாவும் மேசையில ஏறி சோத்தைக் கிளறி நாலாப்பக்கமும் எறைக்கும், அதைக் கூட்டுறதும் அதே ஆன்ட்டிதான்.

சட்டமும் இருக்கே சார். ஹாக்கர் சென்டர்ல 2021 செப்டம்பர் 1-லேர்ந்து, காப்பிக்கடையிலயும் ஃபுட்கோர்ட்லயும் 2022 ஜனவரி 1-லேர்ந்து தட்டை எடுத்து வைக்கிறது கட்டாயம். முதல் தடவை எழுத்துல எச்சரிக்கை, ரெண்டாவது தடவை 300 வெள்ளி, அதுக்கு மேலயும் விட்டுட்டு வந்தா கோர்ட்டு. இரக்கத்துக்கு 300 வெள்ளி கொஞ்சம் ஜாஸ்தி. நடக்க முடியாதவங்க, கைக்கொழந்தையோட தனியா வந்தவங்க, அவங்க விஷயம் வேற, அவங்களைப் பாத்தா பக்கத்து மேசையில இருக்கிற நாம எடுத்து வெச்சிடலாம்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): சூப்பர்மார்க்கெட்ல பிளாஸ்டிக் பைக்கு 5 காசு கேக்கறாங்க. நூறு வெள்ளிக்கு சாமான் வாங்குறவனுக்கு ஒரு பை ஓசியில குடுக்க முடியாதான்னு கேஷியர்கிட்ட நியாயம் கேட்டேன், முகத்தைத் திருப்பிட்டாங்க.

பதில்: அன்னிக்கு உங்களோட சேத்து எத்தனாவது ஆளு அதே நியாயத்தைக் கேட்டாங்களோ. 2023 ஜூலை 3-லேர்ந்து வருஷத்துக்கு 100 மில்லியன் வெள்ளிக்கு மேல வியாபாரம் பண்ற சூப்பர்மார்க்கெட்டுங்க பை ஒண்ணுக்கு 5 காசாவது வாங்கியே ஆகணும், சட்டம். கேஷியர் மனசு வெச்சு ஓசியில குடுத்தா அந்தப் பொண்ணு வேலைக்குத்தான் வேட்டு. கோவிட் நேரத்துலயும் இதே கூத்துதான், 2021 அக்டோபர்ல ஊசி போடாதவங்க காப்பிக்கடையில உக்காந்து சாப்பிடக்கூடாதுன்னு வந்தப்ப வாசல்ல நின்னு நம்ம போன்ல ஊசி போட்ட விவரத்தைப் பாத்த பிள்ளைங்க வாங்கின திட்டு கொஞ்சமா நஞ்சமா, என்னமோ அவங்கதான் அமைச்சரவையில உக்காந்து ரூல் போட்ட மாதிரி. வீட்டுல சிங்க் கீழ ஒரு பை நிறைய பையா அடைச்சு வெச்சிருப்பீங்களே, அதுல ரெண்டை மடிச்சு பாக்கெட்ல போட்டுட்டுப் போங்க.

கேள்வி (ஊட்லண்ட்ஸ் வாசகி): ரெண்டு மாசம் முன்னாடி வாங்கின மிக்ஸி நின்னுபோச்சு. கடைக்கு எடுத்துட்டுப் போனா கேஷியர், "எங்ககிட்ட இல்ல, சர்வீஸ் சென்டர் போங்க"ன்னு ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. எனக்கு வந்த கோபத்துல கத்திட்டேன், கடையே திரும்பிப் பாத்துச்சு. வீட்டுக்கு வந்ததும் அசிங்கமா இருந்துச்சு. ஆனா மிக்ஸி இன்னும் ஓடல. மரியாதையா இருக்கணும்னா நஷ்டத்தைப் பொறுத்துக்கணுமா?

பதில்: இல்லவே இல்ல. இந்த மாதிரி ஒரு கேள்விக்குத்தான் காத்துட்டிருந்தேன், ஏன்னா கடைக்காரங்களை மதிக்கணும்னு சொன்னாலே, 'அப்ப ஏமாந்துட்டுப் போகணுமா'ன்னு உடனே சண்டைக்கு வர்றாங்க. உங்க கோபம் ஞாயமானது, போன இடம்தான் தப்பு.

கல்லாவுல இருக்கிறவங்க கையில என்ன இருக்குன்னு நான் சொல்றேன். ஸ்கேன் பண்ணலாம், காசு வாங்கலாம், தப்பா அடிச்ச ஒரு பொருளை எடுக்கிறதுக்குக் கூட நான் வேலை பாத்தப்ப சூப்பர்வைசர் வந்து சாவி போட்டாத்தான் உண்டு. ரீஃபண்டு எல்லாம் எங்க கைக்கு எட்டாத பரண். 'சர்வீஸ் சென்டர் போங்க'ன்னு அவங்க திரும்பத் திரும்பச் சொன்னது திமிர்ல இல்லம்மா, அதை மட்டும்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க.

நீங்க கேக்க வேண்டியது மேனேஜரை. அவர்கிட்ட சொல்ல வேண்டிய வார்த்தை லெமன் லா. 2012 செப்டம்பர் 1-லேர்ந்து இருக்கு. வாங்கின ஆறு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா, அந்தக் கோளாறு குடுக்கும்போதே இருந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் வேலை. ரிப்பேர் பண்ணித் தரணும் இல்ல மாத்தித் தரணும், நியாயமான நேரத்துல ரெண்டும் முடியலைன்னா விலையைக் குறைக்கச் சொல்லலாம் இல்ல பொருளைத் திருப்பிக் குடுத்துப் பணத்தைக் கேக்கலாம். ரசீதை எடுத்துட்டுப் போங்க, மிக்ஸி ஓடாததை போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. மசியலையா, பயனீட்டாளர் சங்கம் இருக்கு. அதுக்கும் மசியலையா, ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல் இருக்கு, 20,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், வக்கீல் வெச்சுக்க முடியாது, நீங்களேதான் பேசணும். இவ்ளோ அட்ரஸ் இருக்கிறப்ப எதுக்கு அந்தப் பொண்ணு மேல கத்தி தொண்டையைக் கெடுத்துக்கிறீங்க?

ஆனா ஒண்ணு, தீபாவளிக்கு எடுத்த புடவை வீட்டு லைட்ல வேற கலரா தெரியுது, நாத்தனார் நல்லால்லன்னு சொல்லிட்டாங்க, இதுக்கெல்லாம் லெமன் லா வராது. அது மனசு மாறினது, பொருள்ல கோளாறு இல்ல. மாத்திக் குடுத்தா அது கடைக்காரர் நல்ல மனசு, அதைக் கெஞ்சித்தான் வாங்கணும், மெரட்டி வாங்க முடியாது.

நேரம் கெடைச்சா அந்தக் கடைக்கு மறுபடி போறப்ப அந்தப் பொண்ணுகிட்ட "அன்னிக்குக் கத்திட்டேன்மா"ன்னு ஒரு வார்த்தை. ஒன்பது வருஷத்துல என்கிட்ட அப்படி வந்து சொன்னவங்க ரெண்டே பேரு, ரெண்டு முகமும் இன்னும் ஞாபகம் இருக்கு.

கேள்வி (பேர் போட வேணாம், ஜோகூர் பாரு): அக்கா, நான் மலேசியாக்காரி. தினமும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கடற்பாலம் தாண்டி வந்து இங்க ஒரு ரெஸ்டாரன்ட்ல வேலை பாக்கறேன். போன வாரம் ஒரு கஸ்டமர், அவரு கேட்ட மேசை குடுக்கலைன்னு மெனு கார்டை என் மேல எறிஞ்சு முட்டாள்னு திட்டினாரு. பாஸ் ஓடி வந்து என்னையே மன்னிப்பு கேக்கச் சொன்னாரு, கேட்டேன். அப்புறம் டாய்லெட்ல போய் அழுதுட்டு வந்து அதே ஆளுக்கு சாப்பாடு வெச்சேன். அந்த ஆளை விட பாஸ் செஞ்சதுதான் வலிக்குது. இதுக்கெல்லாம் சட்டம் ஏதாவது இருக்கா?

பதில்: உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன்மா. 'அதே ஆளுக்கு சாப்பாடு வெச்சேன்'ங்கிற இடத்துல ஒவ்வொரு தடவையும் நின்னுட்டேன்.

சட்டம் இருக்கு. தொல்லைகளிலிருந்து பாதுகாப்புன்னு 2014-ல போட்ட சட்டம், இங்க இருக்கிற எல்லாருக்கும் பொருந்தும், நீ எந்த பாஸ்போர்ட் வெச்சிருந்தாலும் சரி. மெரட்டுற மாதிரி, அவமானப்படுத்துற மாதிரி பேசி ஒருத்தருக்குத் தொல்லையோ மன உளைச்சலோ குடுத்தா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், வேணும்னே செஞ்சதுன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் சேரலாம். பஸ் ஓட்டுறவங்க, ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி பொதுச் சேவையில இருக்கிறவங்க வேலையில இருக்கிறப்ப செஞ்சா இன்னும் கடுமை, பன்னெண்டு மாசம் வரைக்கும். ரெஸ்டாரன்ட் அந்தத் தனிப் பிரிவுல வராது, ஆனா பொதுப் பிரிவு உனக்கும் உண்டு. ஒரு தடவை திட்டினதுக்கெல்லாம் கேஸ் நிக்குமான்னு கேட்டா போலீசும் கோர்ட்டும்தான் சொல்லணும், நான் சும்மா ஆசை காட்ட மாட்டேன். ஆனா தேதி, நேரம், அந்த ஆளு என்ன வார்த்தை சொன்னாரு, பக்கத்துல யாரு இருந்தாங்க, எல்லாத்தையும் போன்ல எழுதி வெச்சுக்கோ, கேமரா இருந்தா பதிவை அழிச்சிட வேணாம்னு பாஸ்கிட்ட உடனே கேளு. மெனு கார்டு படாம போயிருக்கலாம், பட்டு காயம் ஆகியிருந்தா அது வேற சட்டம்.

வலிக்கிறது பாஸ் செஞ்சதுதான்னு எழுதியிருக்க பாரு, அதுதான் எனக்கும் பட்டுச்சு. என் கதை ஒண்ணு சொல்றேன். ஒரு பெரிய மனுஷன் மீதிச் சில்லறை கம்மின்னு சொல்லி நான் குடுத்த காசை என் முகத்தைப் பாத்து எறிஞ்சாரு, காசு உருண்டு போயி மிட்டாய் ரேக்குக்கு அடியில போயிருச்சு. எனக்கு கையெல்லாம் நடுக்கம். எங்க சூப்பர்வைசர் ஒரு மலாய்க்கார அம்மா, கக்கான்னுதான் கூப்பிடுவோம், சத்தமே போடாம வந்து எனக்கும் அவருக்கும் நடுவுல நின்னாங்க. "சார், உங்களை நான் கவனிக்கிறேன்"னு சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பாத்து, "நீ போய் ஸ்டோர்ல மைலோ எத்தனை கார்ட்டன் இருக்குன்னு எண்ணிட்டு வா"ன்னாங்க. ஸ்டோர்ல மைலோவே இல்ல, முதல் நாள்தான் தீந்துபோயிருந்துச்சு, அது அவங்களுக்கும் தெரியும். பத்து நிமிஷம் அங்க காலி ரேக்கைப் பாத்து உக்காந்திருந்துட்டு வந்தேன். அந்த ஆளு போயிருந்தாரு. அன்னிக்கு என்னை மன்னிப்பு கேக்கச் சொல்லியிருந்தா மறுநாள் நான் வேலைக்கு வந்திருக்க மாட்டேன். கடை நடத்துறவங்க யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு உங்க ஸ்டோர்ல ஒரு மைலோ ரேக்கைக் காலியா வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, நீ கேக்கல, ஆனா நாலு மணின்னு படிச்சதும் எனக்குக் கேக்கத் தோணுச்சு. அடிப்படைச் சம்பளம் மாசம் 2,600 வெள்ளிக்கு மேல போகாதவங்களுக்கு வாரம் 44 மணி நேரம்தான் சாதாரண வேலை, அதுக்கு மேல செஞ்சா மணிக்கு ஒன்றரை மடங்கு, வாரம் ஒரு நாள் ஓய்வு. ஓவர்டைம் சேத்தும் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, சாதாரணமா ஆறு மணி நேரத்துக்கு மேல ஒரே மூச்சா இடைவேளை இல்லாம வேலை வாங்கக்கூடாது. வொர்க் பெர்மிட்ல இருக்கிறவங்களுக்கும் இது உண்டு. சம்பளத்துல பாக்கி இருந்தா டாடெம்ங்கிற முத்தரப்பு அமைப்புகிட்ட போகலாம். உன் பே ஸ்லிப்பை எடுத்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாரு, பெர்மிட் போயிடுமோங்கிற பயம் எனக்குத் தெரியும், பாத்து வெச்சுக்கிறதுல தப்பில்ல.

கேள்வி (23 வயசு வாசகர்): காப்பிக்கடையில ஒரு ஆன்ட்டி என்னைக் கன்னாபின்னான்னு திட்டினாங்க. ஃபுல்லா வீடியோ இருக்கு. டிக்டாக்ல போட்டா செம்ம வைரல் ஆகும். போடலாமா?

பதில்: வேணாம் தம்பி. முதல்ல சட்டம், அந்த 2014 சட்டத்துலேயே திருத்தம் பண்ணி 2020 ஜனவரி 1-லேர்ந்து, ஒருத்தருக்குத் தொல்லை குடுக்கணும்னே அவங்க யாருன்னு தெரியுற விவரத்தை வெளிய போட்டா அது குற்றம். முகமும் அடையாளம்தான். ரெண்டாவது, உன் வீடியோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நடந்தது உன் வீடியோவுல இருக்காதே. அந்த ஆன்ட்டி அன்னிக்குத் தப்பாவே பேசியிருக்கட்டும், ஸ்டால்காரர்கிட்ட சொல்லு, இல்லாட்டி அந்தக் கடையில குடிக்காத. கோப்பி வேற கடையிலயும் கிடைக்கும், அந்த ஆன்ட்டிக்கு வேற முகம் கிடைக்காது.

கேள்வி (அங் மோ கியோ, சீனியர் சிட்டிசன்): எங்க காலத்துல சிங்கான்னு ஒரு சிங்கம் இருந்துச்சு, பண்பா நடந்துக்கோங்கன்னு சொல்லும். இப்ப எங்க?

பதில்: 1979-ல பண்பு இயக்கத்தை ஆரம்பிச்சாங்க, சிங்கா வந்தது 1982-ல. 2013-ல, 'சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, நான் ராஜினாமா பண்றேன்'கிற ரேஞ்சுல கடிதம் எழுதி வெச்சுட்டுப் போன மாதிரி ஒரு விளம்பரம் பண்ணினாங்க. கஸ்டமரைச் சமாளிச்ச களைப்புன்னுதான் நான் நெனச்சேன்.

கேள்வி (பொங்கோல் வாசகி): ஓ லெவல் பரீட்சை முடிச்ச மகன் பபிள் டீ கடையில பார்ட்டைம் பாக்கறான். ஐஸ் ஜாஸ்தின்னு ஒருத்தி திட்டினாளாம், ராத்திரி சாப்பிடாம படுத்துட்டான். வேலையை விடச் சொல்லலாமா, இல்ல நான் போய் அந்தக் கடையில பேசட்டுமா?

பதில்: ரெண்டும் வேணாம். விடணுமான்னு அவன் கேட்டானா? கேக்கலல்ல, அப்ப அவனே பாத்துக்குவான். நீங்க போய் நின்னீங்கன்னா ஐஸ் விஷயத்தை எல்லாரும் மறந்துடுவாங்க, அம்மா வந்ததை மட்டும் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அவன் ஷிஃப்ட் முடிச்சு வர்றப்ப 'இன்னிக்கு எத்தனை கப்பு'ன்னு மட்டும் கேளுங்க. மீதியை அவனே சொல்லுவான். சுடச்சுட ரசம் இருந்தா நல்லது, கை ஐஸ்ல மரத்துப் போயிருக்கும்.

கேள்வி (ஹவ்காங் வாசகி): கடையில வேலை பாக்குறவங்களை எப்படித்தான் கூப்பிடுறது? மரியாதையா 'ஆன்ட்டி'ன்னு கூப்பிட்டேன், அந்தச் சீனப் பொண்ணு மொறைச்சுச்சு.

பதில்: என்ன வயசு இருக்கும்? முப்பத்தஞ்சா? மொறைக்காம என்ன பண்ணும்.

ஆன்ட்டி, அங்கிள் நம்ம ஊர்ல மரியாதைதான், ஆனா முடி நரைச்சிருக்கணும், நரைச்சதை அவங்க மறைக்காம விட்டிருக்கணும். சின்னவங்கன்னா 'மிஸ்', ஆம்பளைங்களுக்கு 'பாஸ்', இதுக்கு யாரும் கோவிச்சதில்ல. நம்மவங்கன்னா அண்ணே, தம்பி, அக்கா, தங்கச்சி, கூட ஒரு 'ங்க'. மலாய்க்காரங்கன்னா கக், அபாங், பெரியவங்களுக்கு மக்சிக், பக்சிக். சட்டையில பேர் போட்டிருந்தாலும் பேரைச் சொல்லிக் கூப்பிட வேணாம்னு நான் சொல்லுவேன், சில பேருக்குப் புடிக்கும், எனக்குப் புடிக்காது, என் பேர் என் நெஞ்சுல குத்தியிருந்ததுக்காக முன்பின் தெரியாத ஆளு கூப்பிட்டா ஒரு மாதிரி இருக்கும். ஒண்ணுமே தோணலைன்னா கண்ணைப் பாத்து 'ஹலோ'.

ஆனா இதெல்லாம் ரெண்டு பக்கமும் உண்டும்மா. போன மாசம் ஒரு கடையில கல்லாவுல இருந்த பையன் என்னைப் பாத்து "நெக்ஸ்ட்... பாட்டி, நீங்க வாங்க"ன்னான். 'ங்க' எல்லாம் சரியாத்தான் போட்டான், குறையே சொல்ல முடியாது. ஒன்பது வருஷம் கல்லாவுல நின்னவ, இத்தனை பதில் எழுதுறவ, ஒரு வார்த்தை பேசாம காசைக் குடுத்துட்டு வந்தேன். தேங்க்யூ சொன்னேனான்னு கேக்காதீங்க.